கண்ணில் குடியிருந்தவர்

பகல் தொழுகை முடித்துச் சற்றே கண்ணயர்ந்தால் போதும், அஸ்மாவுக்கு அந்த மஞ்சள் வெளி வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, தகரக்கூரை போட்ட ஒரு வீடு, வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் செம்பட்டை நாய். கடல் கடந்து வந்து கிளேட்டனில் குடியேறிய பிறகு, பக்கத்து டண்டினோங் சந்தையைத் தாண்டாதவள் அவள். அப்படியானால் இது யார் கண்ட காட்சி?

அவளுக்குச் சந்தேகமே இல்லை. இடக்கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. வலக்கண்ணுக்குச் சில வருடங்களுக்கு முன் இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழிப் படலத்தை வைத்துத் தைத்தார்கள். அந்த மனிதர் அங்கேயே குடியிருக்கிறார் என்று நம்பினாள். வியாழன் பின்னேரம், மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்கு ஓதும் யாசீனில் அவரைச் சேர்க்கமாட்டாள். உயிரோடிருப்பவர்களுக்குச் சுகம் வேண்டிக் கேட்கும் துஆவில்தான் சேர்ப்பாள்.

"செத்த மனிசனுக்குச் சுகம் கேக்கிற ஒரே ஆள் நீதான் புள்ள," என்று கணவன் நஸ்மி கேலி செய்வான்.

இப்போது அந்தப் படலமே மங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற பச்சைக் குப்பைத் தொட்டியை மச்சி ருமைஸா என்று நினைத்து, "உள்ளுக்கு வாங்க" என்று வாய் நிறைய உபசரித்தாள். தொட்டிக்குக் கொடுத்துவைத்த மரியாதை!

"இன்னொருத்தரோடத வச்சாலும் உங்க உடம்பு ஒத்துக்காதுக்கா," என்றார் டாக்டர் பார்கவி, சென்னைக்காரர். "லேப்ல நாங்களே செஞ்ச படலம் இருக்கு. பரிசோதனையா சிலருக்கு வைக்கிறோம். பழசை எடுத்துட்டு இதை வச்சிடலாம்."

"இது ஆருட?"

"யாரோடதும் இல்லக்கா."

அஸ்மா வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். குடியிருப்பவரைத் துரத்திவிட்டு வெறும் வீட்டில் என்ன செய்வது? "பொறகு சொல்றன் டொக்டர்," என்று எழுந்து வந்துவிட்டாள். அந்தப் 'பொறகு' மாதக்கணக்கில் நீண்டது.

ஒரு நாள் மகள் நஷ்வா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முன்னால் நின்றாள். தோள் குலுங்குவது மட்டும் புகைமூட்டமாகத் தெரிந்தது.

"என்ன மகள், அப்பிடிச் சிரிக்கிற? எனக்கும் சொல்லன்."

"I'm not laughing, உம்மா," என்றாள் நஷ்வா. குரல் உடைந்திருந்தது.

பெற்ற பிள்ளையின் அழுகை சிரிப்பாகத் தெரிந்ததே என்று அஸ்மா துடித்துப்போனாள். மறுநாள் காலையிலேயே சம்மதம் சொன்னாள்.

அறுவை முடிந்தது. வாரங்கள் போகப் போகப் பனி விலகுவதுபோல் உலகம் தெளிந்தது. பகல் தூக்கம் மட்டும் கோதுமையும் நாயும் இல்லாமல் வெறுமையாக வந்து போனது.

பார்கவி எழுத்துப் பலகையைக் காட்டினார். அஸ்மா கடைசி வரிவரைக்கும் தடுமாறாமல் வாசித்தாள். நஸ்மி, அவள் இறைவனுக்கு நன்றியாக 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வாள் என்று புன்னகையோடு காத்திருந்தான்.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றாள் அஸ்மா. கண்ணீர் வழிந்தது.

"என்ன சொல்றாங்க?" பார்கவி பதறினார். "வலிக்குதாக்கா?"

"மவுத்துச் செய்தி வந்தாச் சொல்றது டொக்டர்," என்றான் நஸ்மி. இம்முறை அவன் கேலி செய்யவில்லை. தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மையத்து வீட்டில் சொல்வதுபோல் மெல்லத் தானும் அதையே சொன்னான்.