ஸ்பிரிங்வேல்

1.

2009இல், பதுளைக் கடைவீதியில் இடுப்பில் கட்டும் ஒரு சாரத்துக்குப் பேரம் பேசப் போன இடத்தில் இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை நான். சும்மா வரும் சாமானைப் புரட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன். நீங்களும் புரட்டிப் பாருங்கள்.

2.

'மழை விடாத ஒரு மாலையில், மர்ம இளைஞன் ஒருவன் மர்ஸூக்கின் புடவைக் கடைக்குள்...'

(வெட்டிவிட்டேன். மழையும் மர்மமும் சேர்ந்து வந்தால் துணியில் எங்கோ கிழிசல் இருக்கிறது.)

மர்ஸூக் முதலாளி. கடை மாடியில் அவருடைய நெட் கஃபே. அதைப் பார்த்துக்கொள்பவள் ஸ்பிரிங்வெளித் (Spring Valley) தேயிலைத் தோட்டத்து அகஸ்டினா. வைஃபை பாஸ்வேர்ட் முதலாளி ஒருவருக்குத்தான் தெரியும். அப்படியிருந்தும் பக்கத்து போன் கடைப் பையன்கள் அவர் செலவில் படம் இறக்கினார்கள். அகஸ்டினாதான் களவாகக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, அவளை வேலையைவிட்டு நிறுத்துமுன் சாட்சிக்கு ஓர் ஆளை அழைத்தார்: யாழ்ப்பாணத்துச் சிந்துஜன். உரிமையாளரின் அனுமதியோடு வைஃபைப் பூட்டை உடைத்து, எங்கே பலவீனம் என்று எழுதிக் கொடுப்பவன்.

(இவன் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம். உடைக்க அனுமதி கேட்பவனை எங்கள் வீதியில் யார் நம்புவார்?)

3.

சிந்துஜன் புடவைகளில் தொங்கிய விலைச்சீட்டுகளைத்தான் முதலில் பார்த்தான்.*

* வாங்கிய விலையை நாங்கள் எண்ணில் எழுதுவதில்லை. பத்து எழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று, எழுத்துக்கு ஓர் எண். முதலெழுத்து ஒன்று, கடைசி எழுத்து சைபர். எந்த எழுத்தும் இருமுறை வரக்கூடாது. ஒரு கடை இந்தச் சொல்லை லேசில் மாற்றாது.

சீட்டுகளில் கிடைத்த பத்து எழுத்துகளையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும்படி மடிக்கணினியை ஏவிவிட்டுச் சாப்பிடப் போனான். நான் சாரத்துக்குத் திரும்பி வந்தபோது பூட்டு திறந்திருந்தது.

"ஸ்பிரிங்வேல்," என்றான். (SPRINGVALE. எண்ணிப் பாருங்கள், பத்து எழுத்து.)

"பாத்தீங்களா? அவட தோட்டத்துப் பேரு," என்றார் மர்ஸூக்.

"மர்ஸூக் நானா, இது உங்கட விலைக்குறிச் சொல். அதையே பாஸ்வேர்டாவும் வச்சிருக்கிறீங்கள். ஸ்பிரிங்வெளியில ஒரு 'எல்'லையும் கடைசி 'வை'யையும் வெட்டினது நீங்கள்தானே. ஒவ்வொரு சீலையிலயும் தொங்குது."

"எங்க தோட்டத்துப் பேருல வச்சா எங்களுக்குத் தெரியாதுங்களா மொதலாளி?" அகஸ்டினா மாடிப்படியில் நின்றாள். "தோட்ட லயத்துப் பொம்பளைங்க சீட்டப் பாத்துத்தான் வெலயே கேக்குறாங்க. போன் கடைப் பையன் அம்மாவும் இங்கதான் சீல எடுக்குது."

வாங்கிய விலைக்கே தருகிறேன் என்று மர்ஸூக் சத்தியம் செய்து விற்ற சீலைகளையெல்லாம் நினைத்திருப்பார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவ குடுத்தான்னே எழுதுங்க. வெலச் சொல்லு ஒடஞ்சீக்கின்னு வெளிய தெரிஞ்சா நான் கடய மூட வேண்டியதுதான்."

4.

முடிவு ஒன்று: முதலாளி மனம் திருந்தி அகஸ்டினாவுக்குச் சம்பளம்... (எங்கள் வீதியில் இது விலைபோகாது.)

முடிவு இரண்டு: வேலை போன அகஸ்டினா ஸ்பிரிங்வெளி பஸ்ஸில்... (எழுதக் கை வரவில்லை.)

நான் பார்த்தது இவ்வளவுதான். சிந்துஜனின் பேனா தாளுக்கு மேலே நின்றது. கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மர்ஸூக் சாரத்தை விரித்தார்.

"நானூத்தம்பது. வாங்கின வெலயே அதுதான்."

சீட்டில் P, I, E. இருநூற்று நாற்பது. உரக்கச் சொன்னால் கடை முழுக்கக் கேட்கும். பிறகு அகஸ்டினாவை நிறுத்தி மறைப்பதற்கு ஒன்றுமிருக்காது. அவள் சாரத்தைப் பார்க்கவில்லை, வாங்குபவரின் வாயைப் பார்க்கிறாள்.

சாரத்தை உங்கள் கையில் தருகிறேன். அந்த எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.