மூணு கொட்டேஷன் வீட்டு பிளெண்டர்

குழாய்த் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நம்மவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் மூணு கொட்டேஷன். ஒரு பெட்டி ஆணி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை எழுதி வாங்குவார். மெஷின் என்றால் இன்னும் மோசம். விற்பவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆலையிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து. வீட்டிலும் அவர் இதே ஆள்தான். செருப்பு வாங்கப் போனால், மூன்றாவது கடையைப் பார்த்துவிட்டு முதல் கடைக்குத் திரும்புவதற்குள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். தேய்ந்த செருப்போடு வீடு வந்து, நல்லவேளை அவசரப்படவில்லை என்பார். அதைச் சொல்லும்போதே தான் ஒரு அசடு என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், பிறவிக் குணம் போகிறதா?

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த பிளெண்டர் வந்து விழுந்தது.

அவருடைய அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனிக்கட்டை. தொண்டையில் ஆபரேஷன் முடிந்து தம்பி வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒரு காலத்தில் அவர் அதட்டினால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து டிக்கெட் எடுப்பான். இப்போது காதருகே போனால்தான் பேச்சு கேட்டது. எல்லாவற்றையும் வேகவைத்து, துளி திப்பி இல்லாமல் அரைத்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த தடவை வரும்போது எடை குறைந்திருந்தால் மறுபடி மூக்கு வழியாகக் குழாய்தான் என்றும் சொல்லியிருந்தார். அண்ணன் எதற்கும் பயப்படாதவர், அந்தக் குழாய்க்கு மட்டும் பயந்தார். அதை இன்னொரு முறை போடுவதற்குப் பட்டினி கிடந்து செத்துப்போகலாம் என்றார்.

வீட்டில் இருந்த மிக்சியோ பல் போன கிழம். கோழியையும் கேரட்டையும் போட்டால் ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு நாராகத் துப்பும். மனைவி அதைத் துணியில் ஊற்றிப் பிழிவாள். தண்ணீர் அண்ணனுக்கு, சத்தெல்லாம் துணிக்கு. அப்படியும் ஒரு துணுக்கு தப்பிப் போய்த் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் இருமி இருமிக் கண் சிவந்து, பாதித் தம்ளரிலேயே போதும் என்று கையைக் காட்டிவிடுவார். சட்டை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நல்ல வேகமுள்ள பிளெண்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விலையைக் கேட்ட நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். கையில் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் காய் அரைக்கிற ஒரு ஜாடிக்கு அவ்வளவா? அன்று முதல் வாட் என்ன, பிளேடு என்ன, ஜாடி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று ஆராய்ச்சியில் இறங்கினார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் பிழிந்த துணியை உதறியபடி கேட்டாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் மூணு கொட்டேஷன் வாங்கிட்டுத்தான் வந்தீங்களா?"

இல்லை என்றார். உண்மையில் அவள் இரண்டாவது. மூன்றாவது வீட்டில் இவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் ஆலை வழக்கமே கை கொடுத்தது. ஒரு கம்பெனிக்குப் போன் செய்து, வீட்டுக்கே வந்து டெமோ காட்டச் சொன்னார். கம்பெனிச் சட்டையோடு ஒரு பெண் பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தாள். வேகவைத்த கோழி, பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் ஜாடிக்குள் போயின. மெஷின் போட்ட கூச்சலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தம்ளரில் வந்து விழுந்தது பாலாடை போல வழுவழுவென்று இருந்தது. அண்ணன் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. ஒரு இருமல் கிடையாது. இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நம்மவருக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஆலையில் பழகிய வாய். ரொம்ப நல்லாயிருக்கு, இன்னும் ரெண்டு கம்பெனி பார்த்துட்டுச் சொல்றோம் என்றது. அந்தப் பெண் பெட்டியை மூடினாள். மூடுகிற வரைக்கும் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கம்பெனி வந்தது, மூன்றாவதும் வந்தது. ஒவ்வொரு டெமோவிலும் அண்ணன் வயிறாரக் குடித்தார். சரி, இனிமேலாவது வாங்குவார் என்றுதானே நினைப்பீர்கள்? ஒருவன் கேரட் அரைத்தான், ஒருவன் பூசணி அரைத்தான், இதை எப்படி ஒப்பிடுவது, எல்லோரும் ஒரே சரக்கை அரைத்தால்தானே நியாயம் என்று ஆரம்பித்தார். மறுபடி மூன்று பேரையும் கூப்பிட்டார். ஓசியில் அண்ணனுக்குச் சாப்பாடு ஆகிக்கொண்டிருந்தது என்பது சத்தியமாக அவர் போட்ட திட்டமில்லை. அந்த அளவுக்குச் சாமர்த்தியம் இருந்தால் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பார். எடை கொஞ்சம் ஏறவும் செய்தது. அதைப் பார்த்து, நிதானமாக இருந்தால் எல்லாம் நடக்கும் என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மற்ற இரண்டு கம்பெனிகளும் இவர் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதை நிறுத்திவிட்டன. முதல் கம்பெனிப் பெண் மட்டும் எடுத்தாள். இன்னொரு தடவை டெமோ என்று இவர் தொடங்கியதும் அவள் குறுக்கே பேசினாள்.

"சார், பெரியவருக்குப் பசிக்குதுன்னு சொல்லுங்க, வர்றேன். மெஷின் வாங்கப் போறோம்னு மட்டும் சொல்லாதீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போனை வைத்துவிட்டு அண்ணன் அறைக்குள் போய் உட்கார்ந்தார். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. கையசைத்துத் தம்பியைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு மெஷினுக்கு ஏழு வருஷம் கேரண்டின்னு சொல்லுச்சுடா. எனக்கு எதுக்கு ஏழு வருஷம்? ஒரு வருஷம் ஓடுற மாதிரி சல்லிசா ஏதாவது பாரு. வீணாப் போயிடும்."

கோபமே இல்லை அந்தக் குரலில். தம்பிக்கு உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார். வாட், பிளேடு, ஜாடி என்று ஊருக்கெல்லாம் சொன்ன நம்மவர், வாய் திறந்து சொல்லாமல் உள்ளே வைத்திருந்த கணக்கு இதுதான். இவ்வளவு கொடுத்து வாங்கி, எத்தனை நாளைக்கு? மெஷினுக்கு அந்த விலை பெறுமா என்று யோசிப்பதாக நினைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பெறுமா என்றுதான் இத்தனை நாளும் யோசித்திருக்கிறார். அதை அண்ணன் படித்துவிட்டார், படித்துவிட்டுச் சரி என்றும் சொல்லிவிட்டார். நம்மவருக்குத் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண்ணின் கம்பெனிக் கடைக்கே போனார். விலை கேட்கவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை. கேரண்டியை நீட்டிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். கூடக் கொஞ்சம் கட்டினால் பத்து வருஷம் ஆக்கலாம் என்றார் கடைக்காரர். ஆக்குங்கள் என்றார். யார் பெயருக்கு என்று கேட்டபோது அண்ணன் பெயரைச் சொன்னார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேரண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பத்து வருஷமா? அதுவரைக்கும் இந்தக் கூழையா குடிக்கச் சொல்ற?"

"ஆமாண்ணே. நடுவுல நீ கிளம்பிட்டேன்னா கேரண்டி செல்லாதாம்."

அட்டையில் அப்படி எதுவும் இல்லை. இருவருக்கும் அது தெரியும். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. இருமி முடிகிற வரை தம்பி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்ளரை நீட்டினார்.