அமலி உருவிய வால்

நீடாமங்கலத்தில் அமலியின் கைக்குத் தனிப் பேர் உண்டு. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசியை அவள்தான் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் போட்டு, விளக்கெண்ணெய் தடவிக் குளிப்பாட்டியிருக்கிறாள். சப்பை மூக்கைப் பிடித்துவிட்டு எடுப்பாக்குவாள். கோணல் தலையை உருட்டி வட்டமாக்குவாள். "அமலியக்கா கை பட்டா எப்பேர்ப்பட்ட பிள்ளையும் அழகாயிடும்" என்பாள் எதிர்வீட்டு மலர்கொடி. எந்தப் பிள்ளையையும் பிறந்தபடியே விட்டுவைத்ததாக அமலிக்கு நினைவில்லை.

வேளாங்கண்ணியில் கொடியேறிய மறுநாள், மகள் ஃபெபி ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்து இறங்கினாள். மாப்பிள்ளை ஆன்டோ உடன் வரவில்லை. ஒரு பெட்டி, ஒரு கூடை, கூடைக்குள் ஒரு பூனை. "இனிமே அங்க போகலம்மா" என்றாள். அவ்வளவுதான். அமலி அழுது தீர்த்தாள். மூன்றாம் நாள் மகளுக்குத் தெரியாமல் திருவாரூரில் இருக்கும் சம்பந்திக்கு போன் போட்டாள். அடுத்த வார ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் ஆன்டோவின் அப்பா அம்மா வருவார்கள். பங்குச் சாமியாரை வைத்துப் பேசி ஃபெபியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. மகளிடம் முதலிலேயே சொன்னால் முறுக்கிக்கொள்வாள், சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பூனையின் பெயர் மோச்சி. அமலிக்கு வாயில் மொச்சை என்றுதான் வந்தது. வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்மண் நிறமுமாகத் திட்டுகள். எல்லாம் லட்சணம்தான், வால் மட்டும் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் முயலுக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம்.

"கதவுல நசுங்கிடுச்சாடி?" என்று மலர்கொடி கேட்டாள்.

"இல்லக்கா, பிறவியே இப்படித்தான். ஜப்பான்ல இப்படி ஒரு வகை இருக்கு. ஃபேன்ஸி கடைல கையாட்டிக்கிட்டே ஒரு பூனை பொம்மை இருக்குமே, அது இந்த வகைதாம்பாங்க. நம்ம பக்கம் பாக்கவே முடியாது."

"அவ்வளவு தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தியே, வால் உள்ளதா பாத்துத் தூக்கக் கூடாதா?"

ஃபெபி சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மற்றப் பூனைகள் பசித்தால் கத்தும். இது சும்மாவே பேசியது. சமையலறைக்கும் கொல்லைக்கும் ஃபெபியின் பின்னாலேயே போய், ஏற்றி இறக்கி, ராகம் போட்டுப் பேசியது. அமலியின் புருஷன் குழந்தைராஜுக்கு அது பரம திருப்தி. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து காவல் கிடந்தவர், சாப்பிட வரும்போதெல்லாம் பூனையிடம் முறையிடுவார். "ஈரப்பதம் பத்தொம்பதுன்னு எடுக்கமாட்டேங்கிறாங்க, நாயமா நீயே சொல்லு." அதுவும் விடாமல் பதில் சொல்லும்.

அமலிக்குத்தான் அந்த வால் கண்ணை உறுத்தியது. தொட்டுப் பார்த்தாள். மயிருக்குள்ளே எலும்பு சுருண்டு முடிச்சாகக் கிடந்தது. வயிற்றில் இருக்கும்போதே மடங்கியிருக்கும், பிறந்ததும் யாராவது உருவிவிட்டிருந்தால் நிமிர்ந்திருக்கும் என்று முடிவுகட்டினாள். சம்பந்தி வருவதற்குள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்ற வேகம் வேறு. மத்தியானம் ஃபெபி கண்ணயர்ந்த நேரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள், பூனையைக் கால்மேல் போட்டாள், விளக்கெண்ணெயைத் தொட்டு வாலை உருவினாள்.

குழந்தைராஜ் பார்த்துவிட்டார். "நாய் வாலையே நிமிர்த்த முடியாதுன்னு ஊரு உலகமே சொல்லுது. நீ பூனை வாலப் புடிச்சிருக்கியா?"

"உங்க வேலையப் பாருங்க. நான் எத்தனை பிள்ளையப் பாத்திருக்கேன்."

மூன்று நாள் பூனை பொறுத்துக்கொண்டது; ஃபெபி எழுவதற்குள் அமலி எண்ணெயைத் துடைத்துவிடுவாள். நான்காம் நாள், வியாழக்கிழமை, அமலி கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். வீலென்று அலறிக் கையைக் கடித்துவிட்டு பீரோவுக்கு அடியில் போய்ப் புகுந்தது. அதன்பிறகு வெளியே வரவில்லை, சாப்பிடவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. ஃபெபி குனிந்து அதை எடுத்தபோது கையெல்லாம் எண்ணெய்.

"என்னம்மா பண்ணின?"

"உருவிவிட்டேன். நல்லதுக்குத்தானே பண்ணினேன்."

ஃபெபி துணியை எடுத்து வாலில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள். 

வெள்ளிக்கிழமை காலை ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் அனுராதா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது மடங்கின வால் இல்லம்மா. முழு வாலே இவ்வளவுதான். இந்த எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே பிறந்திருக்கு. நம்ம கைரேகை மாதிரி, ஒரு பூனைக்கு இருக்கற வால் இன்னொண்ணுக்கு இருக்காது. இத நிமிர்த்தணும்னா ஒடைச்சாத்தான் முடியும். நல்லவேளை, வீக்கத்தோட போச்சு."

"குழந்தைங்களுக்குச் செய்யறதத்தான் டாக்டர் செஞ்சேன்."

"குழந்தைங்களுக்கும் வேணாம்மா."

அமலிக்குச் சுருக்கென்றது. டாக்டர் பூனையின் பழைய காகிதங்களைக் கேட்டார். ஃபெபி தடிமனான ஒரு கோப்பைக் கொடுத்தாள். புரட்டிப் பார்த்தவர், "பிப்ரவரி இருபதாம் தேதியே அடையாளச் சிப் போட்டிருக்கீங்க. இந்தியா கொண்டுவர அப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

"ஆமா டாக்டர். சிப்பு, ஊசி, ரத்தப் பரிசோதனை, அனுமதின்னு இழுத்துக்கிட்டே போச்சு. இத விட்டுட்டு என்னால கெளம்ப முடியல."

பிப்ரவரி இருபது. அமலி மனதுக்குள் நாளை எண்ணினாள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் விபூதிப் புதன், தவக்காலத் தொடக்கம். பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை ஃபெபி போனில் கூப்பிட்டாள். "அம்மா, நாலு மாசமா அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு வேணும்னாலும் மெசேஜ்தான் அனுப்புறார்" என்றாள். அமலி பூசைக்கு நேரமாகிறதே என்ற பரபரப்பில் சொன்னாள்: "குடிக்கிறாரா? அடிக்கிறாரா? இல்லைல்ல? பேசாத புருஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். அனுசரிச்சுப் போ, தானா சரியாயிடும்." அதன்பிறகு ஃபெபி வாராவாரம் பனியைப் பற்றியும் சமையலைப் பற்றியும்தான் பேசினாள். மகள் சரியாகிவிட்டாள் என்று அமலி நினைத்துக்கொண்டிருந்தாள். மகளோ அந்த வீட்டில் தன்னோடு பேசிய ஒரே ஜீவனுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பேருந்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஃபெபி ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள்.  மன்னார்குடி தாண்டியதும் அமலி சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. நாந்தான் வரச்சொன்னேன்."

"தெரியும். செவ்வாய்க்கிழமையே அத்தை மெசேஜ் போட்டாங்க."

"ஏண்டி என்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்." பிறகு, "நாளைக்கும் நீ சொல்லலேன்னா மோச்சியத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடலாம்னு இருந்தேன்" என்றாள்.

அமலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெற்ற பிள்ளை தன் வீட்டிலிருந்து ஓடத் தயாராக இருந்திருக்கிறாள்!

வீட்டுக்கு வந்ததும் பூனை மறுபடி பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. சனிக்கிழமை முழுவதும் அமலி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியைவிட்டு எடுக்கவில்லை. சாயங்காலம் பூனை தலையை நீட்டி அவளை வெகுநேரம் பார்த்தது. ஒரு முறை மெல்ல என்னவோ சொன்னது. "சொல்லு" என்றாள் அமலி. அது மறுபடி சொன்னது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார்கள். தோத்திரம் சொல்லிச் சாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள் அமலி. ஆன்டோவின் அம்மா உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"எம்புள்ள தங்கமானவன். பேச்சுதான் கொஞ்சம் கம்மி. அவன்கிட்டயே பேசிடுங்க." வீடியோவில் கூப்பிட்டு ஆன்டோவின் முகத்தைக் காட்டினார். அவன் சாமியாருக்குத் தோத்திரம் சொன்னான். "அவள வரச்சொல்லும்மா" என்றான் தன் அம்மாவிடம்.

அமலி எழுந்து போனை வாங்கினாள். "மாப்ளே, ஃபெபி இங்கதான் இருக்கா. அவகிட்டயே சொல்லுங்க." ஃபெபியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

ஃபெபி அவனையே பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.  சாமியார் காபியைக் கீழே வைத்தார். குழந்தைராஜ் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார்.  ஒரு வார்த்தை சொல்லேன் என்று அமலிக்கே கத்த வேண்டும்போல் இருந்தது. அவன், "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தான்.

ஆன்டோவின் அம்மா முகம் சிவந்து, "நீங்கதானே சம்பந்தி எங்களக் கூப்பிட்டீங்க?" என்றார்.

"ஆமா, நாந்தான் கூப்பிட்டேன். தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க." அமலி போனை அவர் கையில் கொடுத்தாள். "என்னால அர நிமிஷம் தாங்க முடியல சம்பந்தி. எம்பொண்ணு பதினோரு மாசம் தாங்கியிருக்கா. அவ வரமாட்டா."