குருசு எரியாத முப்பத்துநான்கு நாட்கள்

எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில் கோபுரத்தின் உச்சியில் நீல விளக்குக் குருசு ஒன்று இருக்கிறது. மாலையில் அதைப் போடுவது என் வேலை. ஒருகொடவத்தைக் கண்டெய்னர் முற்றத்தில் செய்த இரவு வேலையை நான் பாதியில் விட்ட பிறகு, சுவிச்சுப் பெட்டியின் சாவியை ஃபாதர் என்னிடம் தந்தார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பூசை முடிந்து பங்குக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் முதலாம் தேதியிலிருந்து முப்பத்துநான்கு நாள், இயற்கையைக் காக்கவென்று திருச்சபை படைப்பின் காலம் என்று வைத்திருக்கும் நாட்களில், கோயிலின் வெளிவிளக்கு ஒன்றும் எரியக் கூடாது, குருசும்தான் என்றார் ஃபாதர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முந்தைய நவம்பரில் களனி ஆறு ஊருக்குள் வந்தபோது, கரையோரச் சனம் ஒன்பது நாள் எங்கள் மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தது. வானத்திலிருந்து வரும் காவல் சம்மனசு இருட்டில் வழி தெரியாமல் கொம்பனித்தெருவுக்குப் போய்விடப் போகிறது என்று யூஜினா அன்ரி சொன்னார். சிரித்தார்கள்.

சம்மதம் என்று முதலில் கை தூக்கியவர் என் அண்ணி மெற்றில்டா. அந்த ஒன்பது நாளும் மண்டபத்தில் சமைத்தவர் அவர். நான் தூக்கவில்லை. கடல் சூடேறியதால்தான் அந்த வெள்ளம் என்றார்கள்; ஒரு குருசை அணைத்தால் கடல் குளிர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

என் அண்ணன் ஹியூபேட் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறான். வீட்டுக்கு வந்து பதினொரு மாதம். இடையில் எப்போதாவது அவனுடைய கப்பல் எண்ணெய் நிரப்பக் கொழும்புக்கு வெளியே நங்கூரமிடும். ஆட்களை இறங்க விடமாட்டார்கள். அப்போது அண்ணி கோயில் முற்றத்தில், குருசுக்கு நேர் கீழே போய் நிற்பார். அவன் மேல்தளத்தில் நின்று குருசைப் பார்த்தபடி போனில் கதைப்பான். அவர்களுடைய சந்திப்பு அவ்வளவுதான்.

அடுத்தது டிசம்பரில் என்றுதான் அண்ணி நினைத்திருந்தார். செப்டம்பர் மூன்றாம் வாரம் செய்தி வந்தது. கப்பல் வியாழன் மாலை ஏழு மணிக்கு வருகிறது, மூன்று மணித்தியாலம் நிற்கும்.

அன்று மட்டும் குருசைப் போடலாமா என்று ஃபாதரிடம் போய்க் கேட்டேன். அவர், மெற்றில்டா கேட்டால் அரை மணித்தியாலம் போடு என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கமாட்டன்."

"ஃபாதரே ஓமெண்டிட்டார், அண்ணி."

"முதல்ல கை தூக்கினது நான். நீ வேலையை விட்ட மாதிரி நானும் பாதியில விடவா?"



வியாழன், அண்ணன் போன தடவை கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டு அண்ணி கோயில் முற்றத்துக்கு வந்தார். அவ்வளவு தூரத்தில் ஆளே தெரியாது. துறைமுகத்துக் கிரேன்களில் வெளிச்சம். புது அடுக்குமாடிகளில் மாடிக்கு மாடி வெளிச்சம். எங்கள் கோபுரம் மட்டும் இருட்டாக நின்றது. போன் அடித்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மெற்றி, குருசைக் காணேல்லை. கோயிலையும் உடைச்சிட்டாங்களா?"

அண்ணி விஷயத்தைச் சொன்னார். கை தூக்கியது யார் என்று சொல்லவில்லை.

"பெரிய கிரேனுக்கு இடப்பக்கம் பாருங்கோ. இருட்டா ஒரு இடம் இருக்கும். அதுக்குக் கீழதான் நிக்கிறன்."

காற்றுக்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவே அவன் தளத்தில் இடம் மாறி நடப்பது கேட்டது.

"ஓம் ஓம், தெரியுது."

பொய் சொல்லும்போது அண்ணன் இரண்டு தடவை ஓம் சொல்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணிக்கும் அது தெரியும். சாவி என் கையில் இருந்தது. சுவிச்சுப் பெட்டியின் பக்கம் ஒரு அடி வைத்தேன். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். நின்றுவிட்டேன். அவர் போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, கிரேன்களின் பக்கம் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார்.

ஒக்டோபர் ஐந்தாம் தேதி மாலைப் பூசை முடிந்து குருசைப் போட்டேன். முற்றத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அண்ணி என் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது கடலுக்குள்ள எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியாது என்றேன். நான் அதை ஒருநாளும் கடலில் இருந்து பார்த்ததில்லை.