ஒன்பது பெட்டிக்கு ஒரு மணி

ரொட்டி அடுப்பு செய்யும் பட்டறையில் அவர் பெட்டி சுமப்பவர். அவர் மனைவி அங்கேயே அடுப்பை இயக்கும் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டர் வைப்பவள். வைத்துக்கொண்டே புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டாள். அவள் எழுதிய முதல் புரோகிராம் அன்றுதான் அடுப்பில் ஏறியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணி அடிக்க வேண்டும். நாலு மணிக்குள் அது ஒழுங்காக அடிக்காவிட்டால் பழைய புரோகிராமே போதும் என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

அதே புரோகிராமை ஏற்றி மேசையில் வைத்திருந்த போர்டு பிசகாமல் அடித்தது. அடுப்பில் இருந்தது பத்து நிமிடமாகியும் வாய் திறக்கவில்லை. அவள் அணைப்பாள், எதையாவது மாற்றுவாள், மறுபடி ஓட விடுவாள். காலையிலிருந்து இதே பாடு.

"ஒரு வாய் தண்ணி குடிக்கல நீ. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"சிப்புக்குள்ள டைமர்னு ஒண்ணு இருக்குங்க. அது பாட்டுக்கு எண்ணும். அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு எண்ணினா ஒரு நொடி. உடனே சிப்பைக் கூப்பிடும். சிப்பு கைவேலையை அப்படியே விட்டுட்டு வந்து, நொடியைக் குறிச்சுட்டு, விட்ட இடத்துக்கே திரும்பிடும். அதான் இன்டரப்ட்."

"நீ என்னைக் கூப்பிடுற மாதிரி."

"நீங்க எங்க உடனே வர்றீங்க?"

"சரி சரி, முதல்ல போய்ச் சாப்பிடு."

விரட்டாத குறையாக அவளை அனுப்பிவிட்டு அவர் வண்டியில் பெட்டி ஏற்றப் போனார். அப்போதுதான் மறுபடி ஓட விட்டிருந்த அடுப்பை அணைக்க அவளுக்கு நினைவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்பது பெட்டி, அவர் கால்களுக்கு அது மனப்பாடம். பதினெட்டாவது பெட்டியை வண்டியில் வைக்கும்போது மணி அடித்தது.

அவள் சாப்பிடும் இடத்துக்கு ஓட்டமாக வந்தார். "ஏம்மா, அடிக்குது! ஆனா ஒன்பதுக்கு அடிக்க வேண்டியது பதினெட்டுக்கு அடிக்குது."

"சரியா ரெட்டிப்பா?"

கழுவாத கையோடு லென்ஸை எடுத்துக் குனிந்தாள். சிப்புக்குத் துடிப்புக் கொடுக்கும் குட்டிக் கிரிஸ்டலில் பதினாறு என்று பொறித்திருக்க வேண்டிய இடத்தில் எட்டு. துடிப்பு பாதியானால் டைமர் எண்ணும் வேகமும் பாதிதான். கிரிஸ்டல் தட்டைப் பார்த்தால் எட்டும் பதினாறும் கலந்து கிடந்தன.

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தட்டுலயும் பாதிப் பாதிதான் இருந்துச்சு. இடத்தை அடைக்குதேன்னு ஒண்ணாக் கொட்டிட்டேன்."

"உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பால கொட்டின கைதானே!"

திட்டிக்கொண்டே கிரிஸ்டலை மாற்றினாள். மூன்றே முக்காலுக்கு ஓட விட்டாள். முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இவள் புருஷனின் கால்களைப் பார்த்தபடி நின்றாள். ஒன்பதாவது பெட்டி வண்டியில் உட்கார்ந்ததும் மணி அடித்தது.

"அடுத்த அடுப்புக்கும் நீயே எழுது," என்றார் முதலாளியம்மா. "ஆமா, கிரிஸ்டலைக் கலந்தது யாரு?"

"எங்க வீட்டு ஆளுதாம்மா. பிரிச்சு வைக்காம இன்னைக்கு வீட்டுக்கு வர முடியாது."

அவர் லென்ஸும் கையுமாக உட்கார்ந்தார்.

"இங்க வாங்க!"

தட்டை விட்டுவிட்டுப் போய் வயரைப் பிடித்துக்கொடுத்தார். திரும்பினார். மறுபடி கூப்பிட்டாள், போனார். மூன்றாம் தரமும் போய் நின்றார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க. இன்டரப்ட் வேலை செய்யுதான்னு பார்த்தேன்."