ஓரப் பெட்டியில் என் மனைவி

1

இந்தக் கதைக்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை, பயம். இன்று மாலை என் மனைவி கால்பந்து ஆடினாள். பார்த்தே ஆகவேண்டிய ஒரே நொடியில் நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அணியின் வேன் அவளை இறக்கிவிட இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதற்குள் என்ன நடந்தது என்று நான் கற்பனை செய்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "பசும்புல்வெளியில் அந்திச் சூரியன் தன் பொற்..."

(வேண்டாம். அந்த மைதானத்தில் புல்லே கிடையாது.)

இரண்டாவது: அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று ஊராரிடம் சொல்கிறவள். மாலையானால் அதையே அவளிடம் ஒருவர் சொல்கிறார்.

3

அவர்தான் பயிற்சியாளர். அதே மருத்துவமனையின் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். இருமல் மருந்து தப்பான தட்டில் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மைதானத்தையும் சுண்ணாம்புப் பொடியால் இருபது பெட்டிகளாகப் பிரித்துவிட்டார். எல்லோரும் 'பெட்டிக்காரர்' என்பார்கள், அவர் இல்லாதபோது.

பயிற்சியில் நாலு பேர் சுற்றி நின்று பந்தைத் தட்ட, நடுவில் இரண்டு பேர் நாயாய் அலையவேண்டும். இருபது பாஸ் ஆனால் பெட்டிக்காரர் கைதட்டுவார். கோல் அடித்தால் தட்டமாட்டார். என் மனைவிக்கு இடது ஓரப் பெட்டி. அதைவிட்டு வெளியே கால் வைக்கக்கூடாது.

"பந்து உங்ககிட்ட வரவே வேண்டாம்மா. நீங்க ஓரமா நின்னா, உங்களைக் காவல் காக்க அவங்க ஆளு ஒருத்தி அங்கேயே நிப்பா. நடுவுல நமக்கு இடம் கிடைக்கும்."

"அதுக்கு ஒரு கம்பத்தை நட்டுட்டுப் போங்க சார்."

"கம்பத்தை யாரும்மா காவல் காப்பாங்க?"

(இவரைக் கோமாளியாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் மனிதர் சொல்வது சரி. பெட்டி வந்தபிறகு ஆறு ஆட்டம் தோற்கவில்லை. ஒரு கோலும் போடவில்லை என்பது வேறு விஷயம்.)

4

இன்று கடைசி ஆட்டம். "இதுக்காவது வாப்பா" என்றாள். இதற்கு முன் ஆறுக்கும் நான் போகவில்லை, எழுத்து வேலை. போனேன். எண்பத்தைந்து நிமிடம் அவள் ஓரத்தில் நின்றாள். பந்து அவளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று யார் காலிலோ பட்டு அவள் பக்கம் உருண்டது. பெட்டிக்கு வெளியே, இரண்டே எட்டு. எதிரணி கோல்கீப்பர் முன்னால் ஓடிவந்து வழுக்கிக் கிடந்தாள். கோல் காலி.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஓர் அருமையான வாக்கியம் தோன்றியது. குனிந்தேன்.

(வாக்கியம்: "காத்திருப்பவளுக்கு மைதானம் பெரிது." இப்போது படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது.)

நிமிர்ந்தபோது பந்து கோலுக்குப் பக்கவாட்டில் வெளியே கிடந்தது. பெட்டிக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தார். அது சாட்சியாகாது, நிமிடத்துக்கு ஒருமுறை பிடிப்பார். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டிருக்கலாம். அவர் பெட்டிக்காரரின் மச்சான். நான் வீடு சேருமுன், நான் பார்க்கவில்லை என்ற விஷயம் வேனுக்குள் போயிருக்கும்.

5

முடிவு அ: அவள் அசையவில்லை. பந்து தானாக உருண்டு வெளியே போனது.

முடிவு ஆ: பாய்ந்தாள், அடித்தாள், மயிரிழையில் தப்பியது.

முடிவு இ: பாய்ந்து, ஆனால் அடிக்காமல், பழக்கதோஷத்தில் யாருக்கோ பாஸ்...

(வேன் சத்தம். நானும் இவ்வளவு நேரம் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், பாருங்கள். வெட்கமாக இருக்கிறது.)

6

வாசலிலேயே உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள். முழங்காலில் மண். (விழுந்தாளா? எப்போது?)

"பாத்தியா?"

"பின்னே? பிரமாதம்!"

ஒரு சீசன் முழுக்க நின்ற களைப்போடு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்தில் எனக்காக ஒரு சிரிப்பு தயாராக இருந்தது. இன்னும் வெளியே வரவில்லை.

"எந்தக் கால்ல அடிச்சேன், சொல்லு?"

வலதா, இடதா? அடிக்கவே இல்லை, என்னை ஆழம் பார்க்கிறாளா? இவ்வளவு தூரம் படித்தீர்களே, நீங்களாவது பார்த்தீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த பூட்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள்.