அன்ஃபார்ச்சுனேட்லி சொல்லும் முறை

எங்கள் அறையில் போனை எடுத்து யாரிடமும் சாரி சொல்லக் கூடாது. முன்பு ஒருத்தி சொல்லித் தொலைத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதிவை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டி, தப்பே செய்யாதவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஒரே போடாகப் போட்டார். கம்பெனி தோற்றது, அவள் வேலையும் போனது. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சொல்தான். அன்ஃபார்ச்சுனேட்லி.

எங்களுடையது மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. சிகிச்சைக்குப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களை மாடியில் இருப்பவர்கள் அலசுவார்கள். தேறாது என்று முடிவானவை கீழே எங்களிடம் வரும். நாங்கள் ஆளைக் கூப்பிட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்து, மறுப்பைச் சொல்லி, அவர் வாயால் "புரிஞ்சுது" என்று வாங்க வேண்டும். அந்த "புரிஞ்சுது" பதிவாகும்போதுதான் மறுப்பு அமலுக்கு வரும். அதுவரைக்கும் அது வெறும் காகிதம்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு மார்க் போடுவதும் என் வேலை. அன்ஃபார்ச்சுனேட்லியை வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும் என்பேன். நடுவில் செருகினால், அதற்குள் எதிராளி ஆசையை வளர்த்துக்கொண்டுவிடுவார். சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். விழுகிறவர் அந்த இடைவெளியில் விழுந்துவிடுவார். பிறகு காரணம் சொல்லும்போது அவ்வளவாகச் சத்தம் போடமாட்டார். ஓர் அழைப்பில் ஒரு தடவைதான். இன்னொரு தடவை சொன்னால் நக்கலடிப்பது போல இருக்கும்.

தமிழிலேயே துரதிர்ஷ்டவசமாக என்று சொன்னால் என்ன என்று ஒரு மேதாவி கேட்டான். சொல்லிப் பாரேன் என்று விட்டேன். மறுமுனையில் இருந்த அம்மாள், "யாருக்குப்பா துரதிர்ஷ்டம்? எனக்கா, உங்க கம்பெனிக்கா?" என்று பிடித்துக்கொண்டாள். அவன் திருதிருவென்று முழித்தான். தமிழில் சொன்னால் அது யாருடைய துரதிர்ஷ்டம் என்று கேள்வி வரும். இங்கிலீஷில் யாரும் கேட்பதில்லை. மழை பெய்தது என்பது மாதிரி கேட்டுக்கொள்வார்கள். ஆக்சுவலி என்று ஆரம்பித்தால் பேரம் பேசலாம் என்று நினைப்பார்கள். பேசிக்கலி என்றால் நமக்கே விஷயம் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஹோப்ஃபுலி என்று மட்டும் வாயைத் திறக்கவே கூடாது. அதைக் கேட்டவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

போன வருஷக் கடைசியில் பயிற்சிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். போனில் யார் அழுதாலும் "ம்ம், ம்ம்" என்று தொண்டைக்குள் முனகுவாள். அதனால் அறை முழுக்க அவளுக்குப் புறா என்று பெயர். அன்ஃபார்ச்சுனேட்லி அவள் வாயில் குழைந்துபோய் வந்தது. கேட்கிறவருக்கு, இவள் நம் பக்கம் என்று தோன்றிவிடும். அப்புறம் எங்கே "புரிஞ்சுது" சொல்வார்கள்? அழுதுகொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அப்பா தினமும் போன் செய்வார். "சாப்பிட்டியா பாப்பா, இன்னிக்கு எத்தனை பேரு திட்டினாங்க?" என்று அவர் கேட்பது பக்கத்து மேஜை வரைக்கும் கேட்கும். அவள் சிரிப்பாள். எனக்கு அப்படி யாரும் கூப்பிடுவதில்லை, அந்த எரிச்சல்தான் என்று நீங்கள் முடிவு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்த அப்பாவுக்கு இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. எங்கள் கம்பெனியில்தான் காப்பீடு எடுத்திருந்தார், விண்ணப்பம் மாடியில் கிடந்தது. அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி நாள் குறித்துக் கொடுத்துவிட்டது, வருகிற புதன்கிழமை. புறாவின் பயிற்சி அதற்கு முந்தின திங்கட்கிழமை முடிகிறது. தேறினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவர்களின் பெற்றோருக்கு அன்றைக்கே ஊழியர் காப்பீடு உண்டு, பழைய நோயாக இருந்தாலும் சரி. ஆக, மாடியில் கைவிரித்தாலும் திங்கட்கிழமை கைகொடுக்கும் என்று அவள் தெம்பாக இருந்தாள். கணக்கு சரிதான். ஊழியர் காப்பீட்டில் விலக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கம்பெனி ஏற்கெனவே மறுத்து, அந்த மறுப்பு அமலுக்கும் வந்துவிட்ட நோய்க்கு அதில் இடமில்லை. இது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் அவள் அப்பாவின் மறுப்பு கீழே வந்தது. யாருக்கு எந்த அழைப்பு என்று பிரித்துக் கொடுப்பவள் நான். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதை அடியில் போட்டு வைத்திருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். எடுத்து அவள் மேஜையில் வைத்தேன்.

பெயரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "மேடம், இது எங்கப்பா."

"தெரியும்."

"சொந்தக்காரங்களுக்கு நாமளே போன் பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கே மேடம்."

"அது நிரந்தரமானவங்களுக்கு. நீ இன்னும் பயிற்சியிலதானே இருக்கே? இதுதான் உன் கடைசி டெஸ்ட். இதுல தேறினா திங்கட்கிழமை கையெழுத்து. மாட்டேன்னா சொல்லு, வேற ஆளைப் பார்க்கிறேன். போனுக்கும் சரி, வேலைக்கும் சரி."

அவள் மனசுக்குள் கூட்டிக் கழிப்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த மறுப்பு போனால் போகட்டும், வேலை கிடைத்துவிட்டால் அப்பா பிழைத்துக்கொள்வார். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நானும் என்னுடையதை மாட்டிக்கொண்டேன்.

"வணக்கம் ஐயா. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பேசுறோம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது. உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்ல முடியுங்களா?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "ஒத்திகையா? ஆபீஸ்லேயே ஆரம்பிச்சிட்டியா? இரு இரு, உக்காந்துக்கறேன்."

வீட்டில் தினமும் அவரை வைத்துத்தான் பழகியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாடிக்கையாளராக நடிக்க அவருக்குத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். தன் பெயரையே சொல்வார், தன் வால்வுக்கே பணம் கேட்பார். இப்போதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெயரையும் பிறந்த தேதியையும் மிடுக்காகச் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேற்கொண்டு பேசு என்று கையைக் காட்டினேன்.

"அன்ஃபார்ச்சுனேட்லி," என்றாள். நிறுத்தினாள். குரலில் குழைவு துளிகூட இல்லை. இத்தனை மாதமாக நான் மல்லுக்கட்டியும் வராதது அன்றைக்கு வந்துவிட்டது. "உங்க விண்ணப்பத்தை எங்களால ஏத்துக்க முடியலைங்க. வால்வுப் பிரச்சினை காப்பீடு எடுக்கறதுக்கு முன்னாலேயே இருந்திருக்கு. நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா ஐயா?"

"புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சுது," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாப்பா, அசத்திட்டே போ! எனக்கே ஒரு நிமிஷம் பக்குனு ஆயிடுச்சு," என்றார்.

"எங்களோட பேசினதுக்கு நன்றி ஐயா," என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் முழு மார்க் போட்டேன். அது முழு மார்க்குக்குத் தகுந்த அழைப்பு. யார் வேண்டுமானாலும் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை வேலை நிரந்தரமானது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் வேலை கிடைத்ததை அப்பாவுக்குப் போனில் சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்து, அப்பாவை எப்போது ஊழியர் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று கேட்டாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. விலக்கைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சொன்ன "புரிஞ்சுது"வோடு மறுப்பு அமலுக்கு வந்துவிட்டது, இனி அந்த வால்வுக்கு இங்கே எதுவும் கிடையாது என்றேன்.

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலை."

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு ஒன்றும் இல்லை. அவள் அழவும் இல்லை. "மறுப்பைப் பத்தி வீட்ல நான் எதுவும் சொல்லலை. அவரு இன்னும் அது ஒத்திகைன்னுதான் நெனச்சிட்டு இருக்காரு. புதன்கிழமைக்குப் பெட்டியெல்லாம் எடுத்து வெச்சிட்டாரு," என்றாள். "இப்ப யாரு மேடம் அவருகிட்ட சொல்றது?"

"நீதான். நல்லா சொல்றேல்ல?"

அவள் தன் மேஜைக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை, ஹெட்போனை அவளாகவேதான் எடுத்தாள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வேறு விதமாக நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நானும் கேட்டேன்.

"வணக்கம்," என்று ஆரம்பித்து, ஐயாவா அப்பாவா என்று தடுமாறி, இரண்டையும் விட்டுவிட்டாள். "அன்ஃபார்ச்சுனேட்லி," என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

மறுமுனையில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"இன்னிக்கு வேணாம் பாப்பா, ரொம்ப மூச்சு வாங்குது. அதான் வேலை கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன ஒத்திகை? புதன்கிழமை ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் நீ போதும்ங்கிற வரைக்கும் கஸ்டமரா உக்கார்றேன்."